மேடைத் தமிழும் வாக்குரிமையும்

நம் நாட்டிலே தமிழ் உரைநடையை மிகப் பெருந்தொகையான மக்கள் ஒரே வேளையிற் கேட்கும் இடம் எது என்று வினவினால், அது நூல் வெளியீட்டு விழாவன்று, பட்டிமன்றமுமன்று, தேர்தற் கூட்டமேயாகும். நாவலையும் சிறுகதையையும் கையாலே தொட்டறியாத கமக்காரரும் கடற்றொழிலாளரும் தோட்டத் தொழிலாளரும் மேடைத் தமிழைக் கேட்டே வளர்ந்திருக்கின்றனர். ஆயினும், நூறு பிரதிகள்கூட விலைபோகாத கவிதைத் தொகுதிக்கு மதிப்புரை எழுத முன்வரும் நம் விமர்சகர்கள், இலட்சக்கணக்கானோரின் சிந்தனையை உருவாக்கிய இவ்வுரைநடையை ஆராய்ச்சிக்கு உரியதாகக் கொண்டாரல்லர். அஃது அரசியல், இலக்கியகாரனுக்கு அங்கே வேலையில்லை என்று ஒதுங்கினர். மொழியைச் சமுதாயத்தினின்றும் பிரித்து நோக்க மறுப்பவர் எவரும் இவ்வொதுக்கத்தை ஏற்றல் இயலாது.

இலங்கைத் தமிழரின் பாராளுமன்ற அரசியலை வரலாற்றாசிரியர்கள் சட்டங்களாலும் ஒப்பந்தங்களாலும் எழுதியுள்ளனர். நாம் ஈண்டு அதனை மேடையில் வழங்கிய சொற்களின் வாயிலாக நோக்க முயல்கின்றோம். நமது கருத்தைத் தொடக்கத்திலேயே கூறிவிடுவோம். சர்வசன வாக்குரிமை சாதாரண மனிதனை அரசியலின் எழுவாய் ஆக்கியது. மேடைத் தமிழோ அவனைச் செயப்படுபொருளாகவே வைத்திருந்தது. இது வெறும் இலக்கண முரண்பாடன்று. இம்முரண்பாட்டின் விலையாக இலட்சக்கணக்கானோர் வாக்கிழந்தனர். சிலர் உயிரையும் இழந்தனர்.

வாக்குரிமை நமக்கு எவ்வாறு வந்தது என்பதை முதலில் நினைவுகூர்தல் வேண்டும். 1924ஆம் ஆண்டுச் சட்டநிரூபண சபைத் தேர்தலின்போது வாக்குரிமை பெற்றிருந்தோர் மக்கட்டொகையில் நூற்றுக்கு நால்வர் அளவினரே. சொத்தும் வருமானமும் கல்வியும் உடைய ஆடவர் அவர். 1927இல் டொனமூர் ஆணைக்குழு இலங்கைக்கு வந்தபோது, அனைவருக்கும் வாக்கு வேண்டும் என்று கேட்டது கற்றறிந்த தலைவர் கூட்டமன்று. ஏ. ஈ. குணசிங்காவின் தொழிற்சங்கமே அதனைக் கேட்டது. அதே ஆண்டில் அமைந்த பெண்கள் வாக்குரிமைச் சங்கமும் தன் குரலை எழுப்பியது. நமது பெருந்தலைவர் சேர் பொன்னம்பலம் இராமநாதனோ சர்வசன வாக்குரிமையை எதிர்த்தார். மருதனார்மடத்திலே பெண்கள் கற்பதற்குக் கல்லூரி நிறுவிய அப்பெரியார், அப்பெண்களும் அவர்தம் வீட்டு வேலைக்காரரும் ஒரே பெறுமதியுள்ள வாக்கை இடுவதை விரும்பினாரல்லர். கல்வியை அவர் கொடையாகக் கருதினார்; வாக்கையோ கொடையாகக்கூடக் கருத இயலவில்லை. எனினும் 1931 யூனில் நடைபெற்ற அரசாங்க சபைத் தேர்தலில் 21 வயது நிரம்பிய ஆணும் பெண்ணும் வாக்காளராயினர். பதிவு செய்யப்பட்ட வாக்காளர் 15 இலட்சத்துக்கும் மேற்பட்டனர். பிரித்தானியப் பெண்களே ஆண்களுக்குச் சமமான வாக்குரிமையை 1928இலேதான் பெற்றனர் என்பதை நோக்கும்போது இம்மாற்றத்தின் பரிமாணம் விளங்கும்.

மேடைப் பேச்சாளர் சிலர், சனநாயகம் தமிழனுக்குப் புதிதன்று, சோழர் காலத்திலேயே குடவோலை இருந்தது என்று பெருமிதங் கொள்வதுண்டு. உத்தரமேரூரிலே முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள் குடவோலை முறையைக் கூறுவது உண்மையே. ஆனால் அக்கல்வெட்டுகள் மேலும் பல கூறுகின்றன. அது பிராமணர் வாழ்ந்த ஊரின் சபை. உறுப்பினராவதற்குக் கால்வேலிக்கு மேற்பட்ட இறை செலுத்தும் நிலம் வேண்டும். சொந்த மனையிற் கட்டிய வீடு வேண்டும். வேதக் கல்வி வேண்டும். உழுதவன் ஓலை அங்கே குடத்தில் விழவில்லை. பெண்ணின் பெயர் அங்கே எழுதப்படவில்லை. பழம்பெருமையை மேடையில் முழங்குபவர் கல்வெட்டின் பாதியை வாசிக்கின்றனர், மறுபாதியை மறைக்கின்றனர். நிலமும் சாதியும் நிபந்தனையாக இருந்த அந்தக் குடவோலைக்கு மறுதலையாக வந்ததே 1931ஆம் ஆண்டு வாக்குச் சீட்டு.

அத்தேர்தலை யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் பகிஷ்கரித்தது. ஹண்டி பேரின்பநாயகம் முதலிய ஆசிரியர்கள் தலைமை தாங்கிய அவ்வியக்கம் பூரண சுயராச்சியம் கோரியது. சாதிக் கொடுமையை எதிர்த்தது. இன ஐக்கியத்தை விரும்பியது. அதன் நேர்மையை நாம் ஐயுறவில்லை. ஆயினும் யாழ்ப்பாணக் குடாநாட்டின் நான்கு தொகுதிகள் 1934 வரை உறுப்பினரின்றிக் கிடந்தன. முதன்முறையாக வாக்குப் பெற்ற கூலி விவசாயியும், சீவல் தொழிலாளியும், பெண்ணும் அதனைப் பயன்படுத்தும் வாய்ப்பை இழந்தனர். உன்னதமான இலட்சியத்துக்காகவே அது நடந்தது. ஆனால் அவர்களை ஒருவரும் கேட்கவில்லை. தலைவர் எழுவாய், மக்கள் செயப்படுபொருள் என்ற வாக்கிய அமைப்பு நம் தேர்தல் வரலாற்றின் முதற் பக்கத்திலேயே காணப்படுகின்றது.

இனி மேடைக்கு வருவோம். நம் தேர்தற் கூட்டத்திற் பேச்சுக்கு முன்னே தலைமையுரை நிகழும். அத்தலைமையுரையின் இலக்கிய மூலம் யாதென ஆராய்ந்தால், அது சோழர்காலத்து மெய்க்கீர்த்தி என்பது புலனாகும். அரசன் வென்ற நாடுகளையும் அவன் கொண்ட பட்டங்களையும் அடுக்கிக் கூறிய பின்னரே கல்வெட்டு தன் செய்திக்கு வரும். நமது மேடையும் அவ்வாறே. தந்தை, தளபதி, இரும்பு மனிதன், அடங்காத் தமிழன் ஆகியன அது வழங்கிய பட்டங்கள். சிங்கள மேடையும் இதற்குப் பின்னிற்கவில்லை. 2009க்குப் பின்னர் மகிந்த ராஜபக்ஷ மன்னராகவே பாடப்பட்டார். தமிழிலக்கியத்திலே மெய்க்கீர்த்தி மாத்திரமா உண்டு? அறிவுடைநம்பி என்னும் பாண்டியனை நோக்கி, வரியை அளவறிந்து கொள்ளாத அரசன் வயலிற் புகுந்த யானையைப் போல்வான், தின்பதிலும் மிதித்து அழிப்பதே அதிகம் என்று இடித்துரைத்த பிசிராந்தையார் மரபும் உண்டு. மேடைத் தமிழ் மெய்க்கீர்த்தியைச் சுவீகரித்தது. இடித்துரைக்கும் மரபைக் கைவிட்டது. தலைவனைத் தந்தையாக்கும் சொல் மக்களைப் பிள்ளைகளாக்கும் சொல்லுமாகும். பிள்ளை தந்தையிடம் கணக்குக் கேட்பதில்லை.

மேடையின் தலையாய சொல் 'ஆணை' என்பது. பழந்தமிழிலே ஆணை வேந்தனுக்குரியது. வேந்தன் இட்ட ஆணையைக் குடிகள் நிறைவேற்றினர். மக்கள் ஆணை என்ற தொடர் தேர்தலரசியலுக்கு வந்தபோது, அந்தச் சொல்லின் உரிமையாளன் மாறினான்; குடியே ஆணையிடுபவனானான். சொல்லளவிலே இது புரட்சி எனலாம். ஆனால் நடைமுறையில் நிகழ்ந்தது யாது? ஆணை தாருங்கள் என்று கேட்டுப் பெற்றவர், பெற்ற பின்னர் ஆணை எம்மிடம் இருக்கின்றது என்றார். ஏவலாளனிடம் இட்ட ஆணை ஏவலாளனின் சொத்தாகிவிட்டது.

இதற்கு 1947ஆம் ஆண்டுத் தேர்தலைவிடச் சிறந்த சான்று வேறில்லை. சோல்பரி அரசியலமைப்பின் கீழ் நடந்த அத்தேர்தலிலே 95 உறுப்பினர் தெரிவாயினர். ஐக்கிய தேசியக் கட்சி 42 ஆசனங்களையே பெற்றது. இடதுசாரிகள் மூன்று அணிகளாகப் பிரிந்து நின்றும் 18 ஆசனங்களை வென்றனர். மலையகத்திலே இலங்கை இந்தியக் காங்கிரஸ் வென்ற தொகுதிகளும், தோட்டத் தொழிலாளரின் வாக்கால் இடதுசாரிகள் வலிமை பெற்ற தொகுதிகளும் ஆளும் வர்க்கத்தை அச்சுறுத்தின. அதன் மறுமொழி சட்டமாக வந்தது. 1948ஆம் ஆண்டு 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம், 1949ஆம் ஆண்டு 3ஆம் இலக்க இந்திய பாகிஸ்தானியர் சட்டம், அதே ஆண்டின் 48ஆம் இலக்கத் தேர்தல் திருத்தச் சட்டம் ஆகிய மூன்றும் சேர்ந்து மலையகத் தமிழரின் வாக்கைப் பறித்தன. இதன் சூட்சுமத்தை நம் மாணவர்கள் ஊன்றிக் கவனித்தல் வேண்டும். தொகுதிகளை வகுக்கும்போது தோட்டத் தொழிலாளர் மக்கட்டொகையாக எண்ணப்பட்டனர். வாக்களிக்கும்போது அவர் எண்ணப்படவில்லை. அவர்தம் தலைகளைக் கொண்டு வகுத்த மலையகத் தொகுதிகளில் எஞ்சிய வாக்காளரின் பிரதிநிதிகள் அமர்ந்தனர். சிறுபான்மையினருக்குக் காப்பு என்று போற்றப்பட்ட 29ஆம் பிரிவும் உதவவில்லை. 1953இல் பிரிவிக் கவுன்சில் அச்சட்டங்கள் செல்லுபடியாகும் என்றே தீர்ப்பளித்தது.

அகில இலங்கைத் தமிழ்க் காங்கிரஸ் 1947இல் ஐக்கிய தேசியக் கட்சியை எதிர்த்தே வடக்கில் வாக்குக் கேட்டது. மக்கள் இட்ட ஆணை எதிர்த்து நில் என்பதே. அதன் தலைவர் ஜீ. ஜீ. பொன்னம்பலம் 1948இல் அதே கட்சியின் அரசாங்கத்திலே மந்திரியானார். 1949ஆம் ஆண்டுச் சட்டத்தை ஆதரித்தும் வாக்களித்தார். காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை, வாழைச்சேனைக் காகிதத் தொழிற்சாலை, பரந்தன் இரசாயனத் தொழிற்சாலை ஆகியவற்றை அவர் சார்பிலே எடுத்துக் காட்டுவர். அத்தொழிற்சாலைகளால் வேலை பெற்றோர் உண்டு. அதனை மறுத்தல் நியாயமாகாது. ஆனால் ஒருவனுக்கு வேலை கொடுப்பதற்காக மற்றொருவனின் வாக்கைக் கொடுக்கும்படி வடக்கின் வாக்காளன் எந்த மேடையிலும் ஆணையிட்டானல்லன். இதனை எதிர்த்துப் பிரிந்த எஸ். ஜே. வி. செல்வநாயகம் 1949 டிசெம்பரில் தமிழரசுக் கட்சியை நிறுவினார். அடுத்து வந்த 1952ஆம் ஆண்டுத் தேர்தலிலே காங்கேசன்துறையில் அவரே தோற்றார். வென்றவர் ஐக்கிய தேசியக் கட்சியின் வேட்பாளர். மலையகம் ஒரு பிரதிநிதியும் இன்றி நின்ற அதே தேர்தலில், அதற்காகக் குரல் கொடுத்தவரை வடக்குத் தோற்கடித்தது.

வடக்கின் வாக்காளன் கொடியவனா? அவ்வாறு கூறுதல் எளிது. ஆனால் அது விமர்சனமாகாது. தோட்டத் தொழிலாளியைத் தன் சகோதரனாக அவன் காணத்தக்க மொழியை நம் மேடை அவனுக்கு வழங்கவில்லை என்பதே உண்மை. ஐம்பதுக்கு ஐம்பது கேட்ட மேடை எண்ணிக்கையைப் பற்றிப் பேசியது. கொழுந்து பறிப்பவளின் கூலியைப் பற்றியோ லயத்தின் ஒற்றையறையைப் பற்றியோ பேசவில்லை. ஈண்டு சி. வி. வேலுப்பிள்ளையை நினைவுகூர்தல் பொருத்தமாகும். 1947இல் தலவாக்கலைத் தொகுதியிலே தெரிவாகிய அவர், தம்மைத் தெரிவு செய்தவர்களே வாக்காளர் இடாப்பிலிருந்து நீங்கியதால் பாராளுமன்றத்துக்குத் திரும்ப இயலாதவரானார். மேடையும் சபையும் மூடப்பட்ட பின்னர் அவருடைய எழுத்து நின்றது. தோட்ட மக்களின் வாழ்வைப் பாடியும், அவர்தம் நாட்டார் பாடல்களைத் தொகுத்தும், 'வீடற்றவன்' என்ற நாவலை எழுதியும் அவர் அம்மக்களைச் செயப்படுபொருளினின்றும் எழுவாய் ஆக்கினார். வடக்கின் மேடை செய்யத் தவறியதை மலையகத்தின் பேனா செய்தது. ஆயினும் அம்மலையகம் மீண்டும் ஒரு தமிழ்ப் பிரதிநிதியைத் தேர்தலிலே தெரிவு செய்ய 1977 வரை, முப்பது ஆண்டுகள், காத்திருந்தது.

அடுத்த சொல் 'ஒற்றுமை'. ஒற்றுமை வேண்டாம் என்பார் யாருமிலர். ஆனால் எவருடைய ஒற்றுமை, எதன்பொருட்டு ஒற்றுமை என்று கேட்பதே துரோகம் எனக் கொள்ளப்பட்ட இடத்தில், அச்சொல் வாய்ப்பூட்டாகின்றது. 1931 முதல் வாக்குச் சாவடியிலே எல்லாச் சாதியினரும் ஒரே பெறுமதியுள்ள புள்ளடியை இட்டனர். ஆனால் அன்று மாலை ஒரே கிணற்றில் தண்ணீர் அள்ள முடியவில்லை. ஒரே தேநீர்க்கடையிலே சமமாக அமர முடியவில்லை. 1957இல் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் நிறைவேறிய பின்னரும் 1966 ஒக்டோபரில் தேநீர்க்கடைப் பிரவேசத்துக்கும் ஆலயப் பிரவேசத்துக்குமாகச் சுன்னாகத்தில் ஊர்வலம் தொடங்க வேண்டியிருந்தது. 1968இல் மாவிட்டபுரம் கோயில் வாசலிலே ஒடுக்கப்பட்ட மக்களைத் தடுத்து நின்றோருக்குத் தலைமை தாங்கியவர், வவுனியாவின் முன்னாட் பாராளுமன்ற உறுப்பினரும் கணிதப் பேராசிரியருமான சி. சுந்தரலிங்கம். வாக்குப் பெட்டி 37 ஆண்டுகளுக்கு முன்னர் ஏற்றுக்கொண்ட மனிதனைக் கோயில் ஏற்க மறுத்தது. தமிழன் ஒற்றுமை பேசிய மேடைகளின் பெரும்பகுதி அன்று மௌனம் சாதித்தது. சிறுபான்மைத் தமிழர் மகாசபையின் எம். சி. சுப்பிரமணியம் 1970இல் பாராளுமன்றம் சென்றது வாக்குப் பெட்டியின் வழியாகவன்று, நியமனத்தின் வழியாகவே. ஒடுக்கப்பட்டோரின் துன்பத்தைச் சொன்னது மேடையன்று, கே. டானியலின் 'பஞ்சமர்' போன்ற படைப்புகளே சொன்னது.

'பேரம்' என்பது மற்றொரு சொல். பேரம் பேசும் பலத்தைத் தாருங்கள் என்பது வடக்குக் கிழக்கு மேடைகளின் நெடுங்கால வேண்டுகோள். அது சந்தைச் சொல். சந்தையிலே பொருளுக்குரியவன் விலையை அறிவான். இங்கே பொருள் மக்களின் வாக்கு. விலையையோ அவர்கள் அறியார். 1957இல் பண்டாரநாயக்க-செல்வநாயகம் உடன்படிக்கை யாவரும் அறியக் கைச்சாத்தாகி, மறு ஆண்டிலே கிழிக்கப்பட்டது. 1965இல் டட்லி சேனநாயக்கவுடன் செய்த உடன்படிக்கையோ அக்காலத்திலே பகிரங்கமாகவில்லை. ஏமாற்றிய குற்றம் கொழும்பு ஆட்சியாளரைச் சாரும் என்பதில் ஐயமில்லை. ஆனால் யாருடைய பலத்தைக் கொண்டு பேரம் பேசினரோ அவர்களுக்கே தாள் காட்டப்படவில்லை என்பதும் உண்மையே. 1977இல் தனிநாட்டுக்கு ஆணை கேட்டு 18 ஆசனங்களை வென்ற தமிழர் விடுதலைக் கூட்டணி, 1981இல் மாவட்ட அபிவிருத்திச் சபைகளை ஏற்றுக்கொண்டது. ஏற்றது சரியா பிழையா என்பது வேறு விவாதம். ஆணையை மாற்றுமுன் ஆணையிட்டவரிடம் கேட்கப்பட்டதா என்பதே நமது வினா.

கேள்விக்கு மறுமொழி இல்லாத மேடைக்கு இறுதியில் எஞ்சிய சொல் 'துரோகி'. கொள்கையை மறுப்பவனுடன் விவாதிக்கலாம். துரோகியுடன் விவாதமில்லை, தண்டனையே உண்டு. எழுபதுகளின் மேடைகளிலே இச்சொல் எதிரணியினர்மீது தாராளமாக வீசப்பட்டது. 1975 யூலையில் யாழ்ப்பாண மேயர் அல்பிரட் துரையப்பா சுட்டுக் கொல்லப்பட்டார். மேடையிற் பிறந்த சொல் துப்பாக்கியின் கைக்குச் சென்ற பின்னர், அது மேடையையும் மதிக்கவில்லை. 1989 யூலையில் கூட்டணித் தலைவர் அ. அமிர்தலிங்கமும் விடுதலைப் புலிகளாற் கொல்லப்பட்டார். தமிழ்ச் சொல்லொன்றின் பொருள் எவ்வாறு இறுகிக் கொலைக் கருவியாயிற்று என்பதை ஆராயாது நம் காலத்துத் தமிழுரைநடை வரலாற்றை எழுதுதல் இயலாது.

இதுகாறும் கூறியவற்றைக் கேட்டு, இவை முதலாளித்துவக் கட்சிகளின் குறைகள், இடதுசாரி மேடை இவற்றுக்கு அப்பாற்பட்டது என்று எவரேனும் ஆறுதல் கொள்வாராயின், வரலாறு அவ்வாறுதலை வழங்காது. 1948இல் பிரசாவுரிமைச் சட்டத்தை இடதுசாரிகள் ஒரு முகமாக எதிர்த்தனர். 1956இல் தனிச் சிங்களச் சட்டத்தையும் எதிர்த்தனர். கொல்வின் ஆர். டி சில்வா, ஒரு மொழிதான் என்றால் இரு நாடுகளாகும், இரு மொழிகள் என்றால் ஒரு நாடாகும் என்ற கருத்தைச் சபையிலே எச்சரிக்கையாகக் கூறினார். அவ்வாண்டிலேயே பருத்தித்துறை மக்கள் கம்யூனிஸ்ட் கட்சியின் பொன். கந்தையாவைத் தெரிவு செய்தனர். வர்க்கம் என்ற சொல்லைத் தமிழ் வாக்காளன் ஏற்பான் என்பதற்கு அதுவே சான்று. ஆனால் 1964 யூனில் லங்கா சமசமாஜக் கட்சி அரசாங்கத்திற் சேர்ந்தது. அவ்வாண்டு ஒக்டோபரில் அந்த அரசாங்கம் கைச்சாத்திட்ட சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 9 இலட்சத்து 75 ஆயிரம் மனிதரைக் கணக்குப் போட்டது. 5 இலட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்கு, 3 இலட்சம் பேர் இலங்கைக்கு, எஞ்சிய ஒன்றரை இலட்சம் பேர் பின்னர் பார்க்கலாம் என்பது அதன் கணக்கு. எவர் எங்கே வாழ விரும்புகிறார் என்று அவர்களிடம் கேட்டு அக்கணக்குப் போடப்படவில்லை. 1966 சனவரியில் தமிழ்மொழி ஒழுங்குவிதிகளை எதிர்த்த ஊர்வலத்திலே இடதுசாரிக் கட்சிகளும் நின்றன. 1972இல், முன்பு எச்சரித்த அதே கொல்வின் ஆர். டி சில்வா மந்திரியாக இருந்து அமைத்த குடியரசு யாப்பு, சிங்களத்தை அரச மொழியாக உறுதி செய்தது; பௌத்தத்துக்கு முதன்மை இடம் அளித்தது; 29ஆம் பிரிவை நீக்கியது. 1977இல் அவ்விரு கட்சிகளும் ஓர் ஆசனமும் பெறவில்லை. மக்கள் இடதுசாரியத்தை நிராகரித்தனர் என்பது முதலாளித்துவப் பத்திரிகைகளின் விளக்கம். இடதுசாரிகள் தம் சொந்தச் சொற்களைக் கைவிட்டனர், சொற்களை இழந்தவரை மக்கள் அடையாளங் காணவில்லை என்பது நமது விளக்கம்.

சிங்கள வாக்காளனும் இத்துன்பத்துக்கு விலக்கானவன் அல்லன். 1952இல் கூப்பன் அரிசி 25 சதமாகவே இருக்கும் என்று வாக்களித்து வென்ற அரசாங்கம், 1953இல் அதனை 70 சதமாக்கியது. 1970இல் சந்திரனிலிருந்தேனும் இரண்டு கொத்து அரிசி கொண்டுவரப்படும் என்றது சுதந்திரக் கட்சி மேடை. மறு ஆண்டு ஏப்பிரலில் ஆயிரக்கணக்கான சிங்கள இளைஞர்கள் கிளர்ச்சியிலே மடிந்தனர். கொடுக்கப்படும், வழங்கப்படும், கொண்டுவரப்படும் என்ற செயப்பாட்டுவினைகளே எம்மொழி மேடையிலும் ஒலித்தன. செயப்பாட்டுவினையின் தன்மை செய்பவனை மறைப்பது. வழங்குபவன் யார், எதிலிருந்து வழங்குவான், யாரிடமிருந்து எடுப்பான் என்ற வினாக்கள் அதில் மறைகின்றன. மக்கள் தாமே எழுவாயாகியது மேடைக்கு வெளியேதான். 1953 ஓகஸ்ட் 12ஆம் நாள் ஹர்த்தால் அதற்குச் சான்று. அதன் விளைவாகப் பிரதம மந்திரி பதவி விலகினார். 2022 யூலையில் சனாதிபதி நாட்டை விட்டு ஓடியது மற்றொரு சான்று. ஆனால் அதன் பின் நிகழ்ந்ததை நோக்குக. தெருவிலே மக்கள் எழுதிய வாக்கியத்தைப் பாராளுமன்றம் முடித்து வைத்தது. 2020ஆம் ஆண்டுத் தேர்தலில் ஒரு மாவட்டத்திலும் வெல்லாது, ஒரேயொரு தேசியப் பட்டியல் ஆசனத்தைப் பெற்ற கட்சியின் தலைவர், 134 உறுப்பினரின் வாக்கால் சனாதிபதியானார்.

இவற்றையெல்லாம் கூறியதனால், வாக்குச் சீட்டு பயனற்றது, பாராளுமன்றம் வெறும் ஏமாற்று என்ற முடிவுக்கு வருதல் கூடாது. தீவிரவாதம் போலத் தோன்றும் அம்முடிவு உண்மையிலே சோம்பலின் முடிவாகும். வாக்குப் பயனற்றதாயின் அதனைப் பறிக்க ஆளுவோர் ஏன் இத்தனை பாடுபட்டனர்? 1977இல் நூற்றுக்கு 51 அளவான வாக்கினால் 168இல் 140 ஆசனங்களைப் பெற்ற அரசாங்கம், 1982 டிசெம்பரில் சர்வசன வாக்கெடுப்பு ஒன்றினாற் பாராளுமன்றத்தின் ஆயுளை நீட்டியது. ஆறாண்டுக்குத் தெரிவானோர் 1988 டிசெம்பர் வரை இருந்தனர். 1983 ஓகஸ்டில் 6ஆம் திருத்தம் வந்து கூட்டணி உறுப்பினர் ஆசனம் இழந்தபின், வடக்குக் கிழக்கின் பெரும்பாலான தொகுதிகள் குரலின்றி இருந்தன. அரசாங்கம் சட்டத்தாற் செய்ததை 2005இல் ஆயுதம் செய்தது. அவ்வாண்டு நவெம்பர் சனாதிபதித் தேர்தலிலே விடுதலைப் புலிகளின் பகிஷ்கரிப்பினால் யாழ்ப்பாணத்திலே வாக்களித்தோர் நூற்றுக்கு ஒருவரளவே. மகிந்த ராஜபக்ஷ ஏறத்தாழ 1 இலட்சத்து 80 ஆயிரம் வாக்குகளாலே வென்றார். மக்கள் வாக்களிக்கவில்லை என்று எழுதுவது இலக்கணப்படி சரி, வரலாற்றின்படி பிழை. வாக்களிக்க விடப்படவில்லை என்பதே சரி.

மற்றொரு பாடமும் உண்டு. பெரும்பான்மை எவ்வளவு பெரிதாயிற்றோ, வாக்குரிமைக்கு அவ்வளவு ஆபத்தும் பெரிதாயிற்று. 1970இன் மூன்றிலிரண்டு பெரும்பான்மை ஐந்தாண்டை ஏழாண்டாக்கியது. 1977இன் ஆறிலைந்து பெரும்பான்மை நிறைவேற்று அதிகாரச் சனாதிபதி முறையையும் 1982ஆம் ஆண்டு வாக்கெடுப்பையும் தந்தது. 2010இல் 18ஆம் திருத்தமும், 2020இல் 20ஆம் திருத்தமும் பெரும்பான்மைகள் ஈன்றவையே. 2024 நவெம்பரில் தேசிய மக்கள் சக்தி 225இல் 159 ஆசனங்களை வென்றது. யாழ்ப்பாண மாவட்டத்தின் 6 ஆசனங்களில் 3 அதற்குக் கிடைத்தன. வன்னியிலும் நுவரெலியாவிலும் அதுவே முதலிடம் பெற்றது. இதனைத் தமிழ்த் தேசியத்தின் மரணம் என்று ஒரு சாராரும், இனப்பிரச்சினையின் முடிவு என்று மறு சாராரும் முழங்கினர். இரண்டும் மேடைத் தமிழே. வாக்காளன் பழைய மெய்க்கீர்த்தியிற் சலிப்புற்றான் என்பதே அத்தேர்தல் ஐயமறக் காட்டிய செய்தி. மட்டக்களப்பிலே தமிழரசுக் கட்சி 5இல் 3 ஆசனங்களை வென்றதையும் சேர்த்து நோக்குவோர், மக்கள் ஒரே வாயால் ஒரே பதிலைக் கூறவில்லை என்பதை உணர்வர். பழைய தலைவர்களை நிராகரித்தவன் புதிய தலைவர்களுக்குத் தன்னை எழுதிக் கொடுத்தானல்லன். 159 என்ற எண்ணைக் கொண்டாடுபவர் 116ஐயும் 140ஐயும் மறவாதிருத்தல் வேண்டும்.

இந்நிலையிலே ஆசிரியர்க்கும் மாணவர்க்கும் உரிய கடமை யாது? கட்சிக்குப் பிரசாரஞ் செய்தல் வகுப்பறையின் வேலையன்று. வாக்கியத்தைப் பகுத்தறியக் கற்பித்தல் வகுப்பறையின் வேலையே. எழுவாயையும் பயனிலையையும் பாடநூலின் உதாரணங்களிலே தேடக் கற்பிக்கும் நாம், தேர்தல் விஞ்ஞாபனத்திலும் தேடக் கற்பிக்கலாம். இவ்வாக்கியத்திலே செய்பவன் யார்? செயப்பாட்டுவினைக்குப் பின்னே மறைந்திருப்பவன் எவன்? 'நாம்' என்று கூறும்போது அதில் யார் அடங்குவர், யார் விடுபடுவர்? மலையகத்தான் அடங்குவானா, ஒடுக்கப்பட்ட சாதியினன் அடங்குவானா, 2024இலும் பாராளுமன்றத்திலே நூற்றுக்குப் பத்தளவே இடம் பெற்ற பெண் அடங்குவாளா, அயலிலுள்ள முஸ்லிம் அடங்குவானா? கூறிய வாக்குறுதிக்குப் பணம் எவரிடமிருந்து வரும்? கூறியதை மாற்ற நேர்ந்தால் யாரிடம் கேட்பர்? பதினாறு வயது மாணவன் இவ்வினாக்களை எழுத்திலே கேட்கப் பழகினால், பதினெட்டு வயதிலே வாக்குச் சாவடிக்குச் செல்லும்போது அவன் வேறொரு வாக்காளனாகச் செல்வான்.

எழுத்தாளருக்கும் இதிற் பங்குண்டு. நம் நாவல்களிலே தேர்தல் பெரும்பாலும் நகைச்சுவைக் காட்சியாகவே வருகின்றது. சாராயப் போத்தலும் பொய் வாக்குறுதியும் காட்டப்படுகின்றன. புள்ளடி இடும் கையின் வரலாறு சொல்லப்படுவதில்லை. அக்கை 1931இல் எவ்வாறு வாக்குப் பெற்றது, 1949இல் மலையகத்திலே எவ்வாறு வெறுங்கையாயிற்று, 1968இல் கோயில் வாசலிலே எவ்வாறு தடுக்கப்பட்டது, 2005இல் எவ்வாறு வீட்டினுள்ளே முடங்கிக் கிடந்தது என்பதெல்லாம் இன்னும் எழுதப்பட வேண்டிய கதைகள். மேடைத் தமிழுக்கு மாற்று மேடையிலே பிறக்கப் போவதில்லை. சனங்களின் பேச்சைக் கேட்டு, அவர்தம் வினாக்களைச் சேர்த்து, அவற்றை நிலையான எழுத்தாக்கும் இலக்கியத்திலும், அவ்விலக்கியத்தைக் கற்பிக்கும் வகுப்பறையிலுமே அது பிறக்கும்.

ஆணை மக்களுடையது. அதனைப் பெற்றவர் கணக்குக் காட்டக் கடமைப்பட்டவர். இதனை வாக்களிக்கும் ஒரு நாளிலே மாத்திரமன்று, தேர்தல்களுக்கு இடைப்பட்ட ஒவ்வொரு நாளிலும் கேட்கத்தக்க தமிழை ஆக்குதலே நம் முன்னுள்ள பணியாகும்.